அதிதி திறக்காத வரைபடம்

சித்தி நபீஸா என்ற யாவாரியிடம் பேரத்தில் தோற்றவர்களை ஒன்று சேர்த்தால் ஒரு சின்ன ஊர் தேறும். வாவியிலிருந்து றால் என்கிற இறால் கொண்டுவரும் தோணிக்காரர், ஐஸ்காரர், ஏறாவூர் பஸ் கண்டக்டர், ஒரு பல்லுக்குச் சொன்ன விலையில் இரண்டு பல் பிடுங்கிக் கொடுத்துவிட்டு அன்று முழுக்க யோசித்துக்கொண்டிருந்த பல் டொக்டர் என்று எல்லாத் தரத்தாரும் அதில் அடக்கம். அவருடைய முறை எளியது. விலை கேட்பார். நெஞ்சில் கை வைப்பார். "அல்லாவே" என்பார். கூடையைத் தூக்கிக்கொண்டு திரும்பி நடப்பார். மூன்றாவது அடி வைப்பதற்குள் பின்னாலிருந்து கூப்பிட்டுவிடுவார்கள். கூப்பிடாத ஆள் இன்னும் பிறக்கவில்லை என்றுதான் அவர் நம்பியிருந்தார், வாவிக்கரைச் சந்தைகள் டிஜிட்டல் அபிவிருத்திச் சபை பிறக்கும் வரை.

தன்னாமுனையைத் தாண்டி ஏறாவூருக்குப் போகிற வழியில், மட்டக்களப்பு வாவியை ஒட்டிக் கிடந்தது அவருடைய சந்தை. தகரக் கொட்டில்கள், ஒரு பூவரச மரம், மாரி வந்தால் முழங்கால் வரை சேறு. மேனுகாவின் மிளகாய்க் குவியலுக்கும் நஸீரின் பிளாஸ்டிக் வாளிகளுக்கும் நடுவே, பூவரசின் கீழே நபீஸாவின் றால் கூடை. அந்த இடத்துக்கு அவரிடம் ஒரு துண்டுக் கடதாசியும் கிடையாது. சந்தையில் யாரிடமும் கிடையாது. ஒரேயொரு சட்டம்தான் அங்கே ஓடியது. ஓர் இடத்தில் யாருக்கு முதல் யாவாரம் நடந்ததோ, அந்த இடம் அவருக்கு. காசு கை மாறியதைச் சந்தை பார்த்திருந்தால் போதும். பிறகு அவரை எழுப்புவது தொழுகையில் நிற்பவரை எழுப்புவதற்குச் சமம் என்று முஸ்லிம்கள் சொல்வார்கள். சாமி இருக்கிற இடத்தை மாற்றுவதற்குச் சமம் என்று தமிழர் சொல்வார்கள். இரண்டு சாராரும் இவ்வளவு சுத்தமாக ஒத்துப்போன வேறு விஷயம் அந்தப் பக்கத்தில் இல்லை.

சபை வந்தது. நீலக் கூரை போட்ட புதிய சந்தை எழும்பியது. வாசலில் ஒரு வளைவு, வளைவில் பணிப்பாளர் அழகரத்தினத்தின் படம், படத்துக்குக் கீழே மூன்று வரி: வரிசை ஒழிந்தது, அலைச்சல் ஒழிந்தது, கடதாசி ஒழிந்தது. கடைகளை இனி யாரும் யாருக்கும் கொடுக்கமாட்டார்கள். அவரவர் தங்கள் போனில் சபையின் பக்கத்தைத் திறந்து, அங்கே வரும் வரைபடத்தில் பிடித்த கடையைத் தொட வேண்டும். தொட்டால் கடை சொந்தம். திறப்பு விழாவுக்கு முதல் நாள் மாலையோடு தெரிவு முடியும். விழா அன்று பழைய கொட்டில்களை உடைக்க பெக்கோ இயந்திரம் வரும்.

நபீஸா ஏழாம் கடையைக் கண்ணால் எடுத்து வைத்துவிட்டார். வாசலுக்கு நேர் எதிரே, பக்கத்தில் தண்ணீர்ப் பைப். மீன் விற்கிறவருக்குத் தண்ணீரும் வாசலும்தான் மூச்சு. அது கிடைக்காவிட்டால் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு வீடு வீடாகத் திரிய வேண்டும். அதற்கு அவர் முழங்கால்கள் இரண்டும் எப்போதோ மறுப்புத் தெரிவித்திருந்தன.

"ராத்தா, உங்கட போன்ல வருதா?" என்று அக்கா முறை வைத்து மேனுகா கேட்டாள்.

"வட்டம் ஒண்டு சுத்துது புள்ள."

"எனக்கும் சுத்துது. நல்ல வடிவாத்தான் சுத்துது."

இருவரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வட்டம் சுற்றியது, சுற்றியது, களைத்தது. பிறகு திரை முழுவதும் வெள்ளையானது.

"என்ன ராத்தா இது?"

"செத்த மையத்துக்குப் போத்துற வெள்ளப் புடவ மாதிரி கெடக்கு" என்றார் நபீஸா.

நஸீரின் போனிலும் வெள்ளை. கருவாட்டுக் கடை இஷாமின் புதுப் போனிலும் வெள்ளை, கொஞ்சம் பெரிய வெள்ளை. போனை அணைத்துப் பார்த்தார்கள், மரத்தடியிலிருந்து வெயிலுக்கு வந்து பார்த்தார்கள், டேட்டா போட்டுப் பார்த்தார்கள். அடுத்த நாள் நபீஸா பஸ் ஏறினார்.

சபைக் கந்தோரின் வாசலில் காவலாளி மறித்தார். "இஞ்ச ஆக்கள் வரத் தேவயில்லம்மா. எல்லாம் ஒன்லைன்."

"ஒன்லைன்ல வருதில்லயே மகன்."

"வருதில்ல எண்டா ஒன்லைன்ல முறைப்பாடு போடுங்க."

நபீஸா நெஞ்சில் கை வைத்தார். "அல்லாவே" என்றார். திரும்பி நடந்தார். மூன்றாவது அடி வைத்தார். சத்தமில்லை. இன்னும் நடந்தார். வீதிக்கே வந்துவிட்டார். திரும்பிப் பார்த்தபோது காவலாளி தன் போனில் வேறு ஏதோ பார்த்துக்கொண்டிருந்தார். வாழ்க்கையில் முதல் தடவையாக யாரும் கூப்பிடாமல் திரும்பி வந்த நபீஸாவின் முகத்தைக் கண்டு, காவலாளிக்கே ஏதோ செய்து, உள்ளே விட்டுவிட்டார்.

பணிப்பாளர் அழகரத்தினம் ஏசியின் நேர் கீழே இருந்தார். குளிர் தாங்காமல் கோட் போட்டிருந்தார். கோட் போட்டதால் இன்னும் கொஞ்சம் குளிர் கூட்டியிருந்தார்.

"வருதில்லயா? எங்க வருதில்ல? இஞ்ச பாருங்க" என்று தன் லெப்டொப்பைத் திருப்பினார். திரையில் சந்தை முழுக்க விரிந்தது. நீலக் கூரை, கட்டம் கட்டமாகக் கடைகள், ஏழாம் கடைக்குப் பக்கத்தில் தண்ணீர்ப் பைப்கூட ஒரு குட்டிப் படமாக இருந்தது. நபீஸாவுக்குக் கண் கலங்கியது. விரலைக் கொண்டுபோனார்.

"தொடாதீங்க!" பணிப்பாளர் பதறினார். "இது சபையின்ட லெப்டொப். இதுல தொட்டா கடை சபைக்குப் போயிரும். நீங்க உங்கட போன்லதான் தொடணும்."

"என்ட போன்ல படம் வரல்லயே சேர்."

"அதான் இதுல காட்டினேனே, வருது எண்டு." அவர் சாய்ந்துகொண்டார். "அம்மா, ஒரு சேவை இயங்குதா இல்லையா எண்டு பார்க்கிறதுக்கு ஒரு முறை இருக்கு. அது பணிப்பாளரின்ட மேசையில இயங்கினா, இயங்குது. அதுக்கு அங்கால நடக்கிறதெல்லாம் தனிநபர் அனுபவம்."

ஆனாலும் முறைப்பாடுகள் கூடிக்கொண்டிருந்தன. ஆகவே சபை தன் வழக்கப்படி ஒரு குழு அமைத்தது. கோப்புக் காணாமைப் பிழைகளைக் கையாளும் உயர்மட்டக் குழு என்று அதற்குப் பெயர். விதிப்படி குழுவில் பொதுமக்கள் சார்பில் ஒருவர் இருக்க வேண்டும். கந்தோரின் வாசலில் அப்போது அகப்பட்ட பொதுமக்கள் நபீஸா ஒருவர்தான். அவரை 'பயனாளிப் பிரதிநிதி' என்று எழுதி, ஒரு கதிரையும் ஒரு மீன் ரோல்ஸும் கொடுத்தார்கள். ரோல்ஸைக் கடித்துப் பார்த்து, உள்ளே மீன் இல்லை என்று அவர் தெரிவித்தது குழுவின் முதல் அவதானிப்பாகப் பதியப்பட்டது.

சபையின் கணினிப் பொறுப்பாளர் நிதுர்ஷன் எழுந்து விளக்கினான். பயந்த பையன், பெரியவர்கள் பேசும்போது மூச்சைக்கூட அனுமதி கேட்டு விடுகிறவன்.

"சேர், ஆக்கள் பக்கத்தைத் திறக்கேக்குள்ள அது அவங்கட போன்ல வந்து இறங்கும். அதுக்குள்ள ஒரு ஜாவாஸ்கிரிப்ட் நிரல் இருக்கு. அது எங்கட சேர்வர்ட்ட போய் 'வரைபடத்தைத் தா' எண்டு கேட்கும். சேர்வர்ல வரைபடம் இல்ல. கேட்டது இல்ல எண்டதுக்கு அது நானூற்றி நாலு எண்டு பதில் சொல்லும். நிரலுக்கு மறுகா என்ன செய்யிறது எண்டு தெரியாது. அப்பிடியே நிண்டிரும். அதான் வெள்ளை."

பணிப்பாளர் கண்ணாடியைக் கழற்றினார். "நானூற்றி நாலா? அப்பிடி ஒரு சுற்றறிக்கை எங்களிட்ட இல்லையே. யார் வெளியிட்டது?"

"அது… உலகம் முழுக்க உள்ளது சேர்."

"உலகம் முழுக்க இருக்கலாம். மாகாணத்துக்கு வந்து சேர்ந்ததா?"

நிதுர்ஷன் கதிரையில் அமர்ந்துவிட்டான். குழு விவாதித்தது. வெள்ளைப் பக்கம் சபையின் கௌரவத்துக்குப் பொருந்தாது என்று ஏகமனதாக முடிவாயிற்று. அங்கே ஒரு செய்தி வர வேண்டும். 'வரைபடம் இல்லை' என்று போடலாம் என்றான் நிதுர்ஷன். 'இல்லை' என்ற சொல்லை ஓர் அரச நிறுவனம் தன் வாயால் சொல்வதா என்று பிரதிப் பணிப்பாளர் துடித்தார். தேநீர் இரண்டு முறை வந்து போன பிறகு வாசகம் பிறந்தது: 'நீங்கள் தேடும் வரைபடம் தற்போது ஓய்வில் உள்ளது. சற்றுப் பொறுத்து மீண்டும் முயற்சி செய்யவும்.' அதற்கு மேலே, கை கூப்பிய நிலையில் பணிப்பாளரின் படம்.

செய்தி அன்றைக்கே பக்கத்தில் ஏறியது. குழு கலையுமுன் எல்லாரும் தங்கள் போனில் திறந்து பார்த்தார்கள். வாசகம் வந்தது. ஆனால் பணிப்பாளர் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு சின்னச் சாம்பல் பெட்டிதான் நின்றது, மூலை கிழிந்தாற்போல.

மண்டபத்தில் எல்லாரும் பணிப்பாளரைப் பார்த்தார்கள்.

"நான் எங்க?" என்றார் பணிப்பாளர்.

"உங்கட படத்தையும் சேர்வர்ல வைக்க மறந்திட்டம் சேர்" என்றான் நிதுர்ஷன். எழுந்தான், மேசைக்குப் போனான், எதையோ இழுத்து எதிலோ போட்டான். நபீஸா தேநீரை ஒரு வாய் உறிஞ்சி வைப்பதற்குள் பணிப்பாளர் எல்லார் போனிலும் கை கூப்பிக்கொண்டு நின்றார்.

நபீஸா தன் போனைப் பார்த்தார். நிதுர்ஷனைப் பார்த்தார்.

"தம்பி, இவ்வளவு லேசா? அதே மாதிரி அந்த வரைபடத்தையும் தூக்கி வெச்சா என்ன?"

நிதுர்ஷன் தரையைப் பார்த்தான். பணிப்பாளர்தான் எழுந்தார். அவருடைய குரலில் ஒரு புனிதம் வந்துவிட்டது.

"அம்மா, நல்ல கேள்வி. வரைபடம் காணாமப் போகல்ல. பத்திரமா இருக்கு. என்ட லெப்டொப்பில. ஆனா இந்த மாவட்டத்தில ஒரு பாலத்தையோ கிணத்தையோ ஒரு கக்கூசையோகூட பிரதம அதிதி வந்து திறந்து வைக்காம பொதுமக்கள் பாவிச்சதா சரித்திரம் இல்ல. அப்பிடியிருக்க, எங்கட முதலாவது டிஜிட்டல் வரைபடத்தை அதிதி திறக்க முதல் நாங்க சேர்வர்ல போட்டா, ஆக்கள் திறந்து பார்த்திருவாங்க. மறுகா அதிதி வந்து எதைத் திறக்கிறது? ஏற்கனவே திறந்ததையா? அதைவிட அவமரியாதை வேற இருக்கா?"

"அப்ப விழா முடிஞ்ச பிறகு நாங்க கடை எடுக்கலாமா சேர்?"

"அது ஏலாது. தெரிவு விழாவுக்கு முதல் நாளோட முடியுது."

"விழாவுக்கு முதல் வரைபடம் வராது. வரைபடம் வந்த பிறகு கடை எடுக்க ஏலாது."

"நீங்க மிகத் தெளிவா விளங்கியிருக்கிறீங்க" என்று பணிப்பாளர் மனம் நெகிழ்ந்து சொன்னார். "பயனாளிகள் எல்லாரும் இப்பிடி இருந்தா எங்கட வேலை எவ்வளவு லேசு!"

அன்று பஸ்ஸில் திரும்பும்போது நபீஸா கணக்குப் போட்டார். தன்னிடம் றால் வாங்க வருகிறவர் விலை குறைக்கச் சொல்லுவார், நிறை கூட்டச் சொல்லுவார். றாலே உங்களுக்குக் காட்டமாட்டேன், ஆனால் வாங்கிவிட்டுப் போங்கள் என்று சொல்கிற யாவாரியை அவர் இதுவரை கண்டதில்லை. அந்த யாவாரத்தில் எங்கே பிடிப்பது, எங்கே விடுவது? கூடைக்குப் பிடியே இல்லை.

ஓய்வில் இருக்கும் வரைபடத்தைப் பற்றி மக்கள் இன்னும் கொஞ்சம் கூடுதலாகத் திட்டத் தொடங்கினார்கள். எத்தனை நாளைக்கு ஓய்வு, மருத்துவ விடுப்பா என்று நஸீர் முறைப்பாட்டுப் பகுதியில் எழுதினார். குழு மீண்டும் கூடியது.

"இந்தச் செய்தியில ஒரு சோகம் இருக்கு" என்றார் பணிப்பாளர். "மக்கள் அரச பக்கத்துக்கு வந்து மனம் உடைஞ்சு போகக் கூடாது. நிதுர்ஷன், வரைபடம் வராட்டிலும் ஒரு பச்சைச் சரி போட்டு, வாழ்த்துகள், உங்கள் தெரிவு வெற்றிகரமாக முடிந்தது எண்டு காட்ட ஏலுமா?"

"காட்டலாம் சேர். பிழையைப் பிடிச்சு, ஒண்டும் செய்யாம விழுங்கிட்டு… ஆனா சேர், அது பொய்."

"பொய் இல்ல. வாழ்த்து. வாழ்த்தில என்ன பொய்?"

மறுநாள் சந்தையே கோலாகலமாக இருந்தது. மேனுகா ஓடி வந்தாள். "ராத்தா! எனக்கு வாழ்த்து வந்திட்டு!"

"எந்தக் கடை புள்ள?"

"கடை வரல்ல. வாழ்த்துத்தான் வந்திச்சு."

இஷாம் இனிப்பாக வட்டிலப்பம் கொண்டுவந்து பகிர்ந்தார். அவருக்கும் வாழ்த்து வந்திருந்தது. மௌத்தாகி மண்ணுக்குப் போன தன் வாப்பாவின் பேரிலும் ஒரு தடவை அமத்திப் பார்த்திருக்கிறார், வாப்பாவுக்கும் வந்திருந்தது. நஸீர் பேர்ப் பெட்டியில் ஒன்றுமே எழுதாமல் அமத்தினார். "ஒண்டுமில்லாதவனுக்கும் வாழ்த்துச் செல்லுற சபை இது ஒண்டுதான்" என்றார். நபீஸா மட்டும் வட்டிலப்பத்தைக் கையில் வைத்துக்கொண்டு, சாப்பிடலாமா விடலாமா என்று யோசித்தார். கடை கிடைக்காமல் தின்கிற வட்டிலப்பம் தொண்டையில் இறங்குமா என்று பார்த்தார். இறங்கியது. வட்டிலப்பம் நல்லதுதான். கடை விஷயம்தான் இறங்கவில்லை.

அடுத்த இடி கொழும்பிலிருந்து வந்தது. எல்லாச் சபைகளுக்கும் மேலான தலைமையகத்தில் ஒரு பெரிய திரை இருந்ததாம். எந்தச் சபையின் சேர்வர் எத்தனை தடவை 'கேட்டது இல்லை' என்று பதில் சொல்கிறது என்று அதில் சிவப்புக் கோடு ஓடுமாம். மட்டக்களப்புச் சபையின் கோடு திரையைத் தாண்டிச் சுவருக்குப் போய்விட்டதாகத் தொலைபேசி வந்தது.

குழு மூன்றாம் முறை கூடியபோது ரோல்ஸ் இல்லை. விஷயத்தின் பாரதூரம் எல்லாருக்கும் விளங்கியது.

"சேர்வர் இல்லை எண்டு சொல்லுறதாலதானே கோடு ஏறுது?" என்றார் பணிப்பாளர். "இல்லை எண்டு சொல்லாம இருக்க ஏலாதா?"

"எது கேட்டாலும் முகப்புப் பக்கத்தைக் குடுக்கச் சொல்லலாம் சேர்" என்றான் நிதுர்ஷன், சொல்லிவிட்டு உடனே வருந்தியவன் போல. "எல்லாம் சரி எண்டு சொல்லி, முகப்பைக் குடுத்திரும். கோடு ஏறாது. ஆனா அது நான் சும்மா…"

"அதைச் செய்யுங்க!" பணிப்பாளர் மேசையில் தட்டினார். "வந்தவரை வெறுங்கையோட அனுப்புறது எங்கட பண்பாடு இல்ல. கேட்டது இல்லாட்டி, இருக்கிறதைக் குடு."

"றால் கேட்டு வாறவனுக்கு வாசல் போர்டைக் கழட்டிக் குடுக்கச் செல்லுறீங்களா சேர்?" என்று நபீஸா கேட்டார்.

"மிகச் சரியான உதாரணம்" என்றார் பணிப்பாளர். "பயனாளிப் பிரதிநிதி ஆதரித்ததாகக் கூட்டறிக்கையில் போடுங்க."

அதன்பிறகு யார் வரைபடத்தைத் தேடினாலும் சபையின் முகப்புக்கே வந்து சேர்ந்தார்கள். 'வாவிக்கரைச் சந்தை உங்களை அன்புடன் வரவேற்கிறது' என்று கை கூப்பிய பணிப்பாளர் வரவேற்றார். கடைத் தெரிவு என்ற பொத்தானை அமத்தினால், மீண்டும் அன்புடன் வரவேற்றார். நபீஸா ஒரு முழுக் காலையும் வரவேற்கப்பட்டார். கடைசியில், "வந்திட்டேனே சேர், எத்தின தரம் வாங்க எண்டு செல்லுறீங்க" என்று போனைப் பார்த்தே சொல்லிவிட்டார்.

கொழும்புத் திரையில் சிவப்புக் கோடு படுத்துவிட்டது. நாட்டிலேயே 'இல்லை' என்று ஒரு தடவைகூடச் சொல்லாத சபை என்று மட்டக்களப்புக்கு ஒரு கேடயம் வந்தது. அதைப் பெற்றுக்கொண்டு பணிப்பாளர் ஆற்றிய உரையில், "பிழையே இல்லாத நிறுவனம் என்று ஒன்று இல்லை, பிழை தெரியாத நிறுவனம் ஒன்று உண்டு, அது நாங்கள்தான்" என்று சொன்னபோது மண்டபம் எழுந்து நின்று கை தட்டியது.

தெரிவுக் காலம் முடிந்தது. விழா நாள் விடிந்தது.

பழைய கொட்டில்களின் பக்கத்தில் பெக்கோ உறுமிக்கொண்டு நின்றது. புதிய சந்தையைச் சுற்றிக் கயிறு கட்டி, கடை எடுக்காதவர்கள் உள்ளே வரக் கூடாது என்று இரண்டு காவலாளிகளை நிறுத்தியிருந்தார்கள். அதாவது சந்தையில் இருந்த எல்லா யாவாரிகளும் கயிற்றுக்கு வெளியே நின்றார்கள். நபீஸா தலையில் கூடையோடு நின்றார். கூடையில் அன்று விடியப் பிடித்த றால், மீசை இன்னும் அசைந்துகொண்டிருந்தது. இன்று விற்க இடமில்லை என்றால் மதியத்துக்குள் நாறிவிடும். நாளைக்கும் இடமில்லை என்றால் நபீஸா என்ற யாவாரிதான் நாறிப்போவார்.

பிரதம அதிதி வந்தார். கொழும்பில் பெரிய பதவி, ஆனால் ஊர் கல்குடாப் பக்கம். நாடா வெட்டினார், விளக்கேற்றினார். பிறகு பணிப்பாளரின் லெப்டொப் பட்டு விரித்த தட்டில் வந்தது. அதிதி ஒரு பொத்தானை அமத்தினார். பெரிய திரையில் வரைபடம் விரிந்தது. மேளம் கொட்டியது. பார்த்தவர்களில் சிலருக்கு உண்மையாகவே மெய்சிலிர்த்தது.

அதிதி கொஞ்ச நேரம் பார்த்தார். "எல்லாக் கடையும் பச்சையா இருக்கே. பச்சை எண்டா என்ன?"

"காலி சேர்" என்றார் பணிப்பாளர்.

"ஒண்டையும் ஒருத்தரும் எடுக்கல்லயா?"

பணிப்பாளர் ஒரு கணமும் தடுமாறவில்லை. "பாரபட்சம் எண்ட பேச்சுக்கே இடமில்லாம நடத்தியிருக்கிறம் சேர். ஒருத்தருக்கும் குடுக்கல்ல. ஆகவே ஒருத்தருக்கும் அநியாயம் நடக்கல்ல."

அதிதி தலையை ஆட்டினார். புகைப்படக்காரர்தான் கிட்ட வந்து பணிப்பாளரின் காதில் சொன்னார்: "சேர், சந்தைத் திறப்பு எண்டா அதிதி ஏதாச்சும் வாங்குற படம் ஒண்டு வேணும். பேப்பர்ல அதைத்தான் போடுவாங்க."

பணிப்பாளர் திரும்பிப் பார்த்தார். நீலக் கூரையின் கீழே கழுவித் துடைத்த வெறும் சீமெந்து. ஒரு யாவாரியும் இல்லை. அவர் நெற்றியில் வியர்வை வந்தது, கோட்டைக் கழற்றினார். பிறகு கயிற்றுக்கு வெளியே பார்த்தார்.

"பயனாளிப் பிரதிநிதி! அம்மா! கெதியா உள்ளுக்கு வாங்க!"

"எங்க சேர் இருக்கிற?"

"எங்கயாவது இருங்கம்மா, படம் எடுக்கத்தானே!"

நபீஸா எங்கேயாவது போகவில்லை. நேராக ஏழாம் கடைக்குப் போனார். கூடையை இறக்கினார், பைப்பைத் திறந்து றாலுக்கு ஒரு கை தண்ணீர் தெளித்தார், தராசை எடுத்து வைத்தார். கயிற்றுக்கு வெளியே நின்ற மேனுகாவுக்கு என்னவோ விளங்கியது. நஸீரின் விலாவில் இடித்தாள்.

அதிதி குனிந்து பார்த்தார். கல்குடாக்காரருக்கு றாலைக் கண்டதும் கண் விரிந்தது. விலை கேட்டார். நபீஸா சொன்னார். அதிதி பாதிக்குக் கேட்டார். நபீஸா நெஞ்சில் கை வைத்து, "அல்லாவே" என்றார். அதிதி சிரித்தார், கடற்கரையில் வளர்ந்த மனுசன், இந்த ஆட்டம் அவருக்கும் தெரியும். திரும்பி நடந்தார். ஓரடி. இரண்டடி.

சந்தை மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது.

"வாங்க சேர்! நீங்க சொன்ன விலைக்கே எடுங்க!" என்று நபீஸா கூப்பிட்டார்.

மேனுகா வாயில் கை வைத்தாள். ராத்தா கூப்பிடுகிறாரா? பாதி விலைக்கா? இஷாம், "மனிசிக்கு என்னவோ நடந்திட்டு" என்று முணுமுணுத்தார். நபீஸா நிறுத்தார், நிறைக்கு மேலே ஒரு பிடி அள்ளியும் போட்டார். அதிதியின் கையிலிருந்து காசு நபீஸாவின் கைக்கு வந்தது. கமரா பார்த்தது. கயிற்றுக்கு வெளியே நின்ற சந்தை முழுவதும் பார்த்தது.

அதிதியின் வாகனம் போனதும் பணிப்பாளர் வந்தார். "நல்ல படம். நன்றியம்மா. இனி எழும்புங்க."

"எழும்ப ஏலா சேர். முதல் யாவாரம் நடந்த இடம்."

"அதெல்லாம் பழைய சந்தைச் சட்டம்!"

"ஓம் சேர். ஆனா வாங்கினது புது ஆள். இது யாவாரம் செய்யக் கூடாத இடம் எண்டா, அதிதி களவாச் சாமான் வாங்கின மாதிரியல்லவா ஆகும்? நாளக்குப் பேப்பர்லயும் வரும்."

பணிப்பாளர் வாயைத் திறந்தார். மரபு, கௌரவம், அவமரியாதை என்று அவர் உள்ளத்தில் இருந்த எல்லாம் ஒன்றுகூடி நபீஸாவின் பக்கம் போய் நின்றுகொண்டன. வாயை மூடினார்.

அவர் மூடிய நேரத்துக்குள் மேனுகா கயிற்றைத் தாண்டிவிட்டாள். பெக்கோ ஓட்டுநருக்கு மிளகாய் விற்றாள். நஸீர் மேளக்காரருக்கு ஒரு வாளி விற்றார். இஷாம் காவலாளிக்கே கருவாடு விற்றார். மதியத்துக்குள் நீலக் கூரையின் கீழே எல்லாருக்கும் இடம் இருந்தது. மூன்று சண்டை நடந்தது, மூன்றும் தேநீரோடு முடிந்தது. ஒரு வரைபடமும் தேவைப்படவில்லை.

கதை இத்தோடு முடிந்திருக்கும், கொழும்பு சும்மா இருந்திருந்தால். சில வாரங்களுக்குப் பிறகு தலைமையகம் கேட்டது: மட்டக்களப்பு வாவிக்கரைச் சந்தையில் பதிவான கடைகள் எத்தனை? கணினி சொன்னது: ஒன்றும் இல்லை. ஒரு கடையும் இல்லாத சந்தைக்கு ஒரு பணிப்பாளர் எதற்கு என்று கொழும்பு மறுபடி எழுதியது. கேடயத்தையும் திருப்பிக் கேட்டது.

பணிப்பாளர் அழகரத்தினம் லெப்டொப்பை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஏழாம் கடைக்கு வந்தார். கூட்டமான நேரம். நபீஸா றால் நிறுத்துக்கொண்டிருந்தார்.

"அம்மா, தெரிவை மறுபடி திறந்திட்டம். இப்ப உங்கட போன்லயும் வரைபடம் வருது. ஏழாம் கடையை ஒருக்கா அமத்தி விடுங்க. நீங்க அமத்தினா மற்றவங்களும் அமத்துவாங்க."

ஏழாம் கடை தன் பேரில் பதிவாக வேண்டும் என்ற ஆசை நபீஸாவுக்கும் இருந்தது. இன்றைய அதிதியின் யாவாரம் நாளைய அதிதி வரும்வரைதான் தாங்கும் என்று அவருக்குத் தெரியும். ஆனால் ஆசையை முகத்தில் காட்டிவிட்டு அவர் இதுவரை ஒரு கிலோ ஐஸ்கூட வாங்கியதில்லை.

தராசிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார்: "போன் இப்ப ஓய்வில இரிக்கி சேர். கொஞ்சம் பொறுத்து மறுபடி முயற்சி செய்யுங்க."

பணிப்பாளர் பொறுத்தார். ஒரு வாடிக்கையாளர் போனார், இன்னொருவர் வந்தார். "அம்மா, இப்ப?"

"வாழ்த்துகள் சேர்" என்றார் நபீஸா. "உங்கட வேல வெற்றிகரமா முடிஞ்சிது."

"எங்க முடிஞ்சுது? நீங்க அமத்தவே இல்லையே!"

நபீஸா நிமிர்ந்தார். மிகுந்த மரியாதையோடு வாசலைக் காட்டினார். "அப்ப ஒண்டு செய்யுங்க. அந்த வளைவடிக்குப் போய், அதுக்குள்ளால திரும்ப வாங்க."

ஏன் என்று கேட்க வாயெடுத்த பணிப்பாளர், மிளகாய்க் கடையிலும் வாளிக் கடையிலும் கருவாட்டுக் கடையிலும் எல்லாரும் வேலையை விட்டுவிட்டுத் தன்னையே பார்த்துக்கொண்டிருப்பதைக் கண்டார். நடந்தார். வளைவில் தன்னுடைய படம் தன்னைப் பார்த்துக் கை கூப்பிக்கொண்டு நின்றது. உள்ளே வந்தார்.

"வாவிக்கரைச் சந்தை உங்களை அன்புடன் வரவேற்குது" என்றார் நபீஸா. "என்ன வேணும் சேர்?"

"ஏழாம் கடையை…"

"அந்த வளைவடிக்குப் போய் வாங்க சேர்."

மறுபடி போனார். மறுபடி வந்தார். மறுபடி அன்புடன் வரவேற்கப்பட்டார். வெயில் ஏறிவிட்டது. கழற்றிய கோட் கையிலிருந்த லெப்டொப்பின் மேல் கிடந்தது. அதற்குப் பிறகு வந்தபோது அவர் லெப்டொப்பைத் திறக்கவில்லை. கூடைக்கு முன்னால் நின்று மூச்சு வாங்கினார்.

"ராத்தா" என்றார் மெல்ல. "உங்களுக்கு என்ன வேணும்?"

சபை தொடங்கிய நாளிலிருந்து அதன் வாயிலிருந்து வராத கேள்வி அது. நபீஸா கையைக் கழுவினார், சேலைத் தலைப்பில் துடைத்தார், பக்கத்தில் கிடந்த முக்காலியைக் காலால் அவர் பக்கம் தள்ளினார்.

"இருங்க சேர்" என்றார். "இப்பதான் யாவாரத்துக்கு வந்திரிக்கிறீங்க."